கோடு விழாத கண்ணாடி

வீட்டில் பழைய குண்டு பல்பு ஒன்றும் கண்ணாடி பாட்டில் ஒன்றும் இருந்தால் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் கழுத்திலிருந்து அடிவரை இறங்கும் மெல்லிய கோடு ஒன்று தட்டுப்படும். எதிர்ப்பக்கத்திலும் ஒன்று இருக்கும். அச்சின் இரண்டு பாதிகளும் வந்து சேர்ந்த இடம் அது. எங்கள் தொழிலில் பார்ட்டிங் லைன் என்போம். இப்போது பல்பைத் தடவிப் பாருங்கள். கோடே இருக்காது. ஆனால் அந்தப் பல்பும் இரண்டு பாதியாகத் திறந்து மூடும் அச்சுக்குள் ஊதப்பட்டதுதான்.

கோவையில் பீளமேட்டுப் பக்கம் டூல்ரூமிலேயே என் வேலைக்காலம் முழுவதும் போனது. பம்ப் பாகங்களுக்கு டை, பிளாஸ்டிக் சாமான்களுக்கு மோல்டு, துளை போட ஜிக் என்று இரும்பைச் செதுக்கிக்கொண்டே இருந்தேன். பார்ட்டிங் லைனை மறைக்க நாங்கள் படாத பாடு படுவோம். பொருளின் ஓரத்தில் கொண்டுபோய் ஒளித்து வைப்போம், இல்லையென்றால் பிசிறு தட்டி பாலிஷ் போடுவோம். அதனால்தான் கோடு இல்லாத பல்பு என்னை இந்த அளவுக்குப் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டபிறகு அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 1940களிலும் 50களிலும் அன்றாடச் சாமான்களை எப்படிச் செய்தார்கள் என்று படிப்பதும், அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் படச்சுருள்களை இணையத்தில் தேடிப் பார்ப்பதும்தான் என் பொழுது. அதில் பல்பைப் பற்றித் தெரிந்துகொண்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலைதான் 1879 வாக்கில் எடிசனுக்கு பல்பின் கண்ணாடிக் கூட்டை ஊதிக் கொடுத்தது. மனிதர்கள் வாயால் ஊதியது. நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து, உருட்டி, ஊதி, திருப்பி, மறுபடி ஊதி ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். பிறகு இந்த அசைவுகளை அப்படியே காப்பியடிக்கும் இயந்திரங்கள் வந்தன. குழாயைத் தூக்கி, உலையில் தோய்த்து, திருப்பி, ஊதி, மனிதன் செய்ததையே இரும்புக் கைகளால் செய்யும் இயந்திரங்கள். ஓரளவுக்கு வேகமாக ஓடின. ஆனால் ஒவ்வொரு பல்புக்கும் நின்று நின்று வேலை செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் கம்பெனியில் வில்லியம் வுட்ஸ் என்று ஒருவர் இருந்தார். வாயால் கண்ணாடி ஊதிப் பழகியவர். கண்ணாடியைத் தூக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், அது தானாக என்ன செய்யுமோ அதைச் செய்ய விட்டுவிடலாம் என்ற யோசனை அவருடையது. உருகிய கண்ணாடியை ஓட்டை போட்ட தட்டின் மேல் வைத்தால் அது தன் எடையால் ஓட்டை வழியே கீழே தொங்கும். தொங்குவதை ஊதினால் குமிழி. டேவிட் கிரே என்ற இன்ஜினியர் இதை இயந்திரமாக வடிவமைத்துக் கொடுத்தார். 1926இல் பென்சில்வேனியாவின் வெல்ஸ்போரோ ஊரில் அது ஓட ஆரம்பித்தது. பெயர் ரிப்பன் மெஷின்.

மகன் டெட்ராய்ட் பக்கம் வேலையில் இருக்கிறான். அவனிடம் போயிருந்தபோது டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் இந்த மெஷின் ஒன்றை நேரில் பார்த்தேன். பக்கத்துக் கூடத்தில் கார்களும் ரயில் இன்ஜின்களும் நிற்க, கூட்டமெல்லாம் அங்கேதான். "ஏனுங்க, இந்தச் சங்கிலியைப் போயி இத்தன நேரமா பாக்கறீங்க" என்று வீட்டுக்காரி கேட்டாள். சங்கிலி என்று அவள் சொன்னது சரிதான். அந்த மெஷினே மூன்று சங்கிலிகள்தான்.

வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். உலையிலிருந்து கண்ணாடி விடாமல் ஒழுகி வருகிறது. இரண்டு உருளைகளுக்கு நடுவே அது போகிறது. ஒரு உருளையில் குழிகள் இருப்பதால் மறுபக்கம் வெளியே வரும்போது பட்டையாக, வரிசையாக வட்ட வட்டமான தடிப்புகளோடு வரும். அந்தத் தடிப்புகளை பிஸ்கட் என்பார்கள். பட்டை போய்ப் படுக்கும் இடம் முதல் சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் நடுவில் ஓட்டை போட்ட தட்டு. பிஸ்கட் ஒவ்வொன்றும் ஒரு ஓட்டைக்கு நேராக வந்து உட்காரும், உட்கார்ந்தவுடனே தொங்க ஆரம்பிக்கும். மேலே இரண்டாவது சங்கிலி. அதில் காற்று ஊதும் மூக்குகள். அதே வேகத்தில் ஓடிவந்து பிஸ்கட்டின் தலையில் அமர்ந்து மெதுவாக ஊதும். கீழே மூன்றாவது சங்கிலி. அதில் அச்சுகள். தொங்கும் குமிழியை இரண்டு பக்கமிருந்தும் வந்து மூடிக்கொள்ளும். உள்ளே குமிழி ஊதிப் பெருகி அச்சின் வடிவத்தைப் பிடித்ததும் அச்சு திறந்து விலகும். கடைசியில் ஒரு தட்டு, பல்பு கழுத்தில் முறிந்து விழும். மீந்த பட்டை உடைந்து மறுபடி உலைக்குப் போகும்.

இதில் எங்கேயும் நிற்பதே கிடையாது. தூக்குவது, இறக்குவது, காத்திருப்பது எதுவும் இல்லை. மூன்று சங்கிலிகளும் ஒரே வேகத்தில் போகும் வரைக்கும் கண்ணாடியைப் பொறுத்தவரை எல்லாமே அசையாமல் இருக்கிற மாதிரிதான். ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு சுமார் 300 பல்புகள் வந்தன. பின்னாளில் 1,000ஐத் தாண்டியது. 1980களில் உலகம் முழுவதற்கும் வேண்டிய குண்டு பல்புக் கூடுகளை 15க்கும் குறைவான ரிப்பன் மெஷின்களே செய்து கொடுத்துக்கொண்டிருந்தன. நாம் சின்ன வயதில் மாட்டிய பல்பின் கண்ணாடியும் இந்த முறையில் வந்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, கோட்டுக்கு வருவோம். அச்சு மூடிய பிறகு அது கண்ணாடியைச் சுற்றிச் சுழலும். கண்ணாடி பட்டையோடு ஒட்டிக்கொண்டு சுழலாமல் தொங்கும், அச்சு மட்டும் சுற்றும். அப்படிச் சுற்றும்போது இரண்டு பாதிகளும் சேரும் இடம் கண்ணாடியின் ஒரே இடத்தில் நிற்காது, அதனால் கோடு பதியாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கொதிக்கும் கண்ணாடியை இரும்பு உரசிக்கொண்டு சுற்றினால் என்ன ஆகும்? கீறல் விழும், ஒட்டும், கிழியும். ஒரு மோல்டுக்காரனுக்கு முதலில் தோன்றும் பயம் இதுதான்.

அதற்கு அவர்கள் கையாண்டது பேஸ்ட் மோல்டு என்ற பழைய முறை. அச்சின் உட்புறத்தில் எண்ணெயும் தக்கைத்தூள் மாதிரியான கரிந்துபோகும் தூளும் கலந்த பசையைப் பூசி, சூட்டில் வைத்துக் கரியாக்கிவிடுவார்கள். அந்தக் கரிப்பூச்சில் நுண்ணிய துளைகள் இருக்கும், அவை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் அச்சு கண்ணாடியைப் பிடிப்பதற்கு முன்னால் தண்ணீர் பட்டு நனையும். சூடான கண்ணாடி உள்ளே வந்ததும் அந்த ஈரம் ஆவியாகும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி கல்லைத் தொடாமல் ஓடுமே, அதே சங்கதிதான். ஆவிப் படலம் ஒன்று கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவில் நிற்கிறது. கண்ணாடி இரும்பைத் தொடுவதே இல்லை. ஆவியின் மேல் வழுக்கிக்கொண்டு மெருகேறி வெளியே வருகிறது. பல்பின் அந்தப் பளபளப்புக்கு யாரும் பாலிஷ் போடவில்லை.

இந்தப் பூச்சு நிரந்தரமாக நிற்காது. தேயும், உரியும், ஒரு பக்கம் அதிகமாகக் காயும். பூச்சு தடித்தால் பல்பு சிறுக்கும், மெலிந்தால் கீறல் விழும். ஆகவே அச்சுகளைக் கழற்றி, சுரண்டி, மறுபடி பூசி, சுட்டு, மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சங்கிலியில் உள்ள அச்சுகள் எல்லாமே ஒன்றுபோல இருக்க வேண்டும், ஒன்று பிசகினாலும் அந்த அச்சுக்கு உரிய பல்பு மட்டும் திரும்பத் திரும்பக் கெட்டுப்போகும். எனக்கு இதைப் படித்தபோது அந்த ஊர் மோல்டு ஷாப் ஆட்களை நினைத்துதான் மனசு நிறைந்தது. பல்பு ஊதும் வித்தை ஒழிந்துவிட்டது, எல்லாம் மெஷின் பார்த்துக்கொள்கிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஊதுகிறவனின் மூச்சிலும் மணிக்கட்டிலும் இருந்த வித்தை அந்தத் தட்டின் ஓட்டை அளவுக்குள்ளும் அந்தக் கரிப்பூச்சுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பராமரித்தவர்கள் மெஷினுக்குப் பின்னால் இருந்தார்கள், படச்சுருள்களில் அவர்கள் முகம் அதிகம் வருவதில்லை.

இந்த மெஷின் பல்போடு நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் வண்ணக் கண்ணாடி உருண்டைகள் அதுவரை ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தன. துரிஞ்சியா மலைப்பகுதியில் லௌஷா என்ற ஊரில் குடும்பம் குடும்பமாக வீட்டிலேயே ஊதுவார்கள். 1930களின் கடைசியில் யுத்தம் நெருங்கியபோது, அவற்றை இறக்குமதி செய்துகொண்டிருந்த மாக்ஸ் எக்கார்ட் என்ற வியாபாரி சரக்கு நின்றுவிடும் என்று கணக்குப்போட்டு கார்னிங்கை அணுகினார். உல்வொர்த் கடைக்காரர்களும் கூடச் சேர்ந்து கேட்டார்கள். வெல்ஸ்போரோவில் பல்பு அச்சை மாற்றி உருண்டை அச்சை மாட்டினார்கள். 1940இல் நாளொன்றுக்கு 3 லட்சம் உருண்டைகள் வந்தன. வெறும் கண்ணாடியாக எக்கார்டின் பட்டறைகளுக்குப் போய், உள்ளே வெள்ளிப் பூச்சும் வெளியே சாயமும் ஏறி ஷைனி பிரைட் என்ற பெயரில் கடைக்கு வந்தன.

யுத்தம் முற்றியதும் உலோகம் கிடைக்கவில்லை. வெள்ளிப் பூச்சு போனது, ஒளி ஊடுருவும் வெறும் கண்ணாடியில் மெல்லிய சாயக் கோடுகள் மட்டும் போட்டார்கள். உருண்டையின் தலையில் இருந்த தகரத் தொப்பிக்குப் பதில் அட்டைத் தொப்பி. இன்றைக்கும் பழைய சாமான் சேகரிப்பவர்கள் அட்டைத் தொப்பியைப் பார்த்தே யுத்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். பொருள் தட்டுப்பாட்டில் தொழிற்சாலை என்ன விட்டுக்கொடுத்தது, எதை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு சின்ன உருண்டையில் தெரிகிறது. கண்ணாடியின் கனத்திலும் வட்டத்திலும் குறை வைக்கவில்லை.

கண்ணாடிக் கூடு பல்பின் பாதிக் கதைதான். மீதிப் பாதி உள்ளே எரியும் கம்பி. டங்ஸ்டன் உருகுவதற்கு 3,400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு வேண்டும். அதை உருக்கி வார்க்க எந்தப் பாத்திரமும் தாங்காது. அதனால் பொடியாக எடுத்து, அழுத்திக் கட்டியாக்கி, அதற்குள் மின்சாரம் பாய்ச்சிச் சுட்டு, சூட்டோடு சூடாக அடித்து அடித்து நீட்ட வேண்டும். அப்படியும் அது கண்ணாடிக் குச்சி மாதிரி முறியும் சாமான். வளையும் டங்ஸ்டனைச் செய்யும் வழியை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஸ்கெனெக்டடி ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கூலிட்ஜ் 1909-10 வாக்கில் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் வைர டைகளின் துளை வழியே அதை இழுத்து இழுத்து மெலிதாக்க முடிந்தது.

அமெரிக்க 60 வாட் பல்பில் இருக்கும் கம்பியின் கனம் சுமார் 0.046 மில்லிமீட்டர். எங்கள் மைக்ரோமீட்டரில் ஐந்து பிரிவுகூடக் காட்டாது. நீளம் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒன்றேகால் முழம் கம்பியை விரல்நுனி அளவுக்குள் அடக்க வேண்டும். சுருளாகச் சுற்றி, அந்தச் சுருளையே மறுபடி சுருளாகச் சுற்றினால் அடங்கும். சுற்றுவதற்கு நடுவில் ஒரு தண்டு வேண்டுமே? மாலிப்டினக் கம்பியைத் தண்டாக வைத்துச் சுற்றுவார்கள். சுற்றிய பிறகு அந்தத் தண்டை உருவி எடுக்க முடியாது, எடுத்தால் சுருள் போய்விடும். ஆகவே அமிலத்தில் போடுவார்கள். மாலிப்டினம் கரைந்துபோகும், டங்ஸ்டன் அப்படியே நிற்கும். எந்த ஜிக்கையும் வேலை முடிந்ததும் கழற்றி எடுக்கத்தான் எங்களுக்குத் தெரியும். கரைத்தே விடலாம் என்று யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

கம்பிக்கு மின்சாரம் கொண்டுவரும் கால்களிலும் இதேமாதிரி ஒரு நுணுக்கம் உண்டு. அவை கண்ணாடிக்குள் புதைந்து வெளியே வர வேண்டும். சாதாரண உலோகம் சூட்டில் கண்ணாடியைவிட அதிகமாக விரியும், விரிந்தால் கண்ணாடி விண்டுபோகும், காற்று புகுந்துவிடும். பிளாட்டினம் பொருந்தும், ஆனால் விலை கட்டாது. நிக்கல்-இரும்புக் கம்பியின் மேல் செம்பைப் போர்த்தி டூமெட் என்று ஒரு கம்பி செய்தார்கள். இரண்டும் சேர்ந்து கண்ணாடியின் விரிவுக்கு ஒத்துப்போகும். உடைந்த பல்பு கிடைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடித் தண்டைப் பாருங்கள், கண்ணாடி நசுங்கிய இடத்தில் கம்பி செந்நிறமாகத் தெரியும்.

கூட்டின் உட்புறம் பால்வெள்ளையாக இருக்குமே, அது மார்வின் பிப்கின் என்ற வேதியியலாளரின் வேலை, 1925. அமிலத்தால் உட்புறத்தை அரித்தால் கண் கூசாது, ஆனால் அரித்த குழிகள் கூராக இருப்பதால் கண்ணாடி தட்டினாலே உடையும். அதன்மேல் இரண்டாவது தடவை லேசான அமிலம் பட்டால் குழிகளின் கூர் மழுங்கி உறுதி திரும்பி வந்துவிடும். இரும்பிலும் இதே கதைதான். மூலை கூராக இருந்தால் அங்கேதான் டை விண்டுபோகும், ரேடியஸ் கொடுத்தால் நிற்கும்.

இந்தச் சுருளைக் கால்களில் கோர்த்து, நடுவில் தாங்கும் கொக்கிகளில் மாட்டும் வேலையை நெடுங்காலம் பெண்கள் கையால் செய்தார்கள். பல்புத் தொழிற்சாலைகளின் பழைய படங்களில் வரிசை வரிசையாகப் பெண்கள்தான். சுழலும் மேசை, கையில் இடுக்கி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கம்பி. அவர்களுக்குச் சின்ன விரல், பொறுமை அதிகம் என்று மேனேஜர்கள் காரணம் சொன்னார்கள். சம்பளம் ஆண்களைவிடக் குறைவு என்பதும் காரணம். எங்கள் ஊரில் மோட்டார் காயில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்த அக்காமார்களை நான் பார்த்திருக்கிறேன். கம்பியின் இழுவையை விரலாலேயே அளந்து சொல்வார்கள். அதைத் திறமை என்று எந்தச் சம்பளப் பட்டியலும் எழுதியதில்லை.

அப்புறம், சொல்லாமல் விடக்கூடாத ஒரு விஷயம். 1938இல் அமெரிக்கச் சந்தைக்கு டியூப் லைட் வந்தது. யுத்தத் தொழிற்சாலைகளுக்கு ராத்திரி ஷிஃப்டில் நல்ல வெளிச்சம் வேண்டும், மின்சாரமும் மிச்சமாக வேண்டும், ஆகவே டியூப் லைட் உற்பத்தி மளமளவென்று ஏறியது. குழாயின் உட்புறம் பூசும் வெள்ளைப் பொடியில் அப்போது பெரிலியம் கலந்திருந்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்ற ஊரில் அப்படி ஒரு தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், மூச்சு வாங்கி, உடம்பு வற்றி, படியேற முடியாமல் படுக்கையில் விழுந்தார்கள். சிலருக்கு வேலையை விட்டு மாதங்கள், வருஷங்கள் கழித்துத்தான் நோய் தெரிந்தது. டாக்டர்கள் முதலில் வேறு நோய் என்றார்கள். 1943இல் வந்த அரசு சுகாதாரத் துறை அறிக்கை ஒன்று பெரிலியத்தின் மேல் தப்பில்லை என்றே சொல்லியிருந்தது.

ஹாரியட் ஹார்டி என்ற பெண் டாக்டர், மாநிலத் தொழில் சுகாதாரப் பிரிவில் இருந்தவர், நோயாளிகளின் வேலையை விசாரித்து, இர்விங் டேபர்ஷாவோடு சேர்ந்து 1946இல் அதை வெளியிட்டார். நோய்க்கும் பொடிக்கும் உள்ள தொடர்பு ஒன்றொன்றாக நிலைநாட்டப்பட்டது. 1949இல் பல்புத் தொழில் பெரிலியப் பொடியைக் கைவிட்டது. மாற்றுப் பொடி கிடைத்தது, டியூப் லைட் தொடர்ந்து எரிந்தது. நோய் வந்தவர்களுக்கு நுரையீரல் திரும்பக் கிடைக்கவில்லை. சிலர் செத்துப்போனார்கள். 1952இல் ஹார்டி இந்த நோயாளிகளுக்காக ஒரு பதிவேடு தொடங்கினார், அதைப் பல ஆண்டுகள் விடாமல் நடத்தினார்கள். மெஷின் செய்தவர்களை மெச்சுகிற நான் இந்த டாக்டரையும் அதே வரிசையில் வைக்கிறேன். தொழிற்சாலையில் அளக்க வேண்டியதில் தூசியும் ஒன்று என்று காட்டியவர்.

பல்பு எத்தனை நாள் எரிய வேண்டும் என்பதில் இன்னொரு கதை உண்டு. 1924இல் பெரிய பல்புக் கம்பெனிகள் ஜெனிவாவில் கூடி ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்தன. பல்பின் ஆயுளை 1,000 மணி நேரம் என்று கட்டிப்போட்டதும், அதற்குமேல் எரியும் பல்பு விற்றவர்களுக்கு அபராதம் விதித்ததும் வரலாறு. ஜெனரல் எலெக்ட்ரிக் தன் வெளிநாட்டுக் கிளைகள் வழியாக அதில் தொடர்பு வைத்திருந்தது. இதில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பியைக் குறைந்த சூட்டில் எரியவிட்டால் அதிக நாள் வரும், ஆனால் வெளிச்சம் மங்கும், அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். ஆகவே 1,000 மணி என்பதில் பொறியியல் காரணம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அபராதம் போட்டுத் தடுத்ததற்குப் பொறியியல் காரணம் கிடையாது. அது வியாபாரம்.

இதற்கு நேர்மாறானது அதே காலத்து அமெரிக்க டெலிபோன். அந்தக் கறுப்பு மேசை டெலிபோன், 500 மாடல் என்பார்கள், 1949-50 வாக்கில் வந்தது. வடிவமைத்தது ஹென்றி டிரேஃபஸின் ஆட்களும் பெல் ஆய்வுக்கூடமும். செய்தது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், இண்டியானாபொலிஸ் தொழிற்சாலையில். அந்த டெலிபோனை யாரும் விலைக்கு வாங்க முடியாது. பெல் கம்பெனி மாத வாடகைக்குக் கொடுக்கும். கெட்டுப்போனால் ஆள் அனுப்பிச் சரிசெய்ய வேண்டியது கம்பெனியின் பொறுப்பு, செலவும் அவர்களுடையது. அதனால் கெட்டுப்போகாத டெலிபோன் செய்வதுதான் அவர்களுக்கு லாபம். டயலைச் சுற்றிவிட்டால் அது திரும்பி வரும் வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே ஒரு சின்ன கவர்னர். விநாடிக்கு 10 துடிப்பு, எத்தனை வருஷம் ஆனாலும் அதே 10. திரும்பி வந்த பழைய டெலிபோன்களைத் துடைத்து, தேய்ந்த பாகத்தை மாற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரே நாடு, ஒரே காலம், ஒரே மாதிரியான ஆட்கள், ஒரே இரும்பு. பழுதுக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதை வைத்து ஒரு சாமான் 1,000 மணி நேரமும் இன்னொன்று பல பத்தாண்டுகளும் உழைத்தன. இப்போது சாமான் கெட்டுப்போனால் தொழிலாளியைத் திட்டுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கைப் பற்றிப் பேசும்போது சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் இருந்த அவர்களுடைய ஹாத்தார்ன் தொழிற்சாலையையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் 40,000 பேருக்கு மேல் வேலை பார்த்த இடம். அங்கே வரும் பாகங்களில் எது நல்லது, எது கெட்டது என்று கடைசியில் பொறுக்கி எடுப்பதற்கு ஒரு படையே வேண்டியிருந்தது. வால்டர் ஷூஹார்ட் என்பவர் 1924 மே மாதத்தில் தன் மேலதிகாரிக்கு ஒரு பக்க அளவில் ஒரு குறிப்பு அனுப்பினார். அதில் ஒரு வரைபடம். அவ்வப்போது சில பாகங்களை மட்டும் எடுத்து அளந்து, அளவைப் புள்ளியாக வைத்துக்கொண்டே போனால், மெஷினின் இயல்பான ஆட்டம் எவ்வளவு, ஏதோ கோளாறு நுழைந்ததால் வந்த ஆட்டம் எது என்று பிரித்துப் பார்க்கலாம். கெட்டது விழுந்த பிறகு பொறுக்குவதை விட்டுவிட்டு, விழப்போவதை முன்கூட்டியே பார்ப்பது.

யுத்த காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு இந்த முறையை வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 1950இல் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல்காரர் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். அங்கே அவர் பெயரிலேயே பரிசு வைத்தார்கள். 1998இல் அந்த டெமிங் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் சென்னை பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டன். டெலிபோன் பாகம் அளக்கப் போட்ட கோடு சிகாகோவில் தொடங்கி டோக்கியோ வழியாகப் பாடிக்கு வந்து சேர 74 வருஷம் ஆகியிருக்கிறது. எங்கள் ஷாப்பிலும் 90களில் லேத்துக்குப் பக்கத்தில் அந்த சார்ட் தொங்கியது. ஷிஃப்ட் முடிவதற்குள் புள்ளி வைக்கவில்லை என்றால் ஃபோர்மேன் சத்தம் போடுவார். வேலைக்குப் புதிதாக வந்த பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது வெர்னியர் பிடிப்பதை, இரண்டாவது அந்தப் புள்ளி வைப்பதை. மோசமான அளவை மறைத்து நல்ல புள்ளியாக வைக்காதே, கெட்ட புள்ளிதான் நமக்கு வேலை செய்கிறது என்று சொல்வேன். இப்போதும் அதை நம்புகிறேன்.

ஜெனரல் எலெக்ட்ரிக் அமெரிக்காவில் வைத்திருந்த கடைசிப் பெரிய குண்டு பல்புத் தொழிற்சாலை, வர்ஜீனியாவின் வின்செஸ்டரில் இருந்தது, 2010 செப்டம்பரில் மூடப்பட்டது. மின்சாரச் சிக்கனத்துக்கு எல்ஈடி வந்தது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பேஸ்ட் மோல்டின் பூச்சு எந்தப் பதத்தில் கருக வேண்டும், எத்தனை சுற்று தாங்கும், நனைக்கும் தண்ணீர் கூடினால் என்ன தெரியும், குறைந்தால் என்ன தெரியும் என்பதெல்லாம் காப்புரிமைப் பத்திரங்களில் முழுசாக எழுதப்படவில்லை. அது கையில் இருந்த அறிவு.

நம் ஊரிலும் பல்புக் கூடும் கண்ணாடிக் குவளையும் ஊதிய பட்டறைகள் இருந்தன. அங்கே அச்சுக்குப் பூச்சு போட்டவர்கள், அல்லது அப்பாவோ மாமாவோ போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். என்ன எண்ணெய் சேர்த்தீர்கள், எந்தத் தூள், எவ்வளவு நேரம் சுட்டீர்கள், சரியான பதம் வந்ததை எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்பதை விவரமாகச் சொன்னால் போதும். சொன்னபடியே குறித்து, உங்கள் ஊர்ப் பேச்சிலேயே இங்கே வெளியிடுகிறேன்.